ஒன்றரை டிகிரியில் ஆணாகும் முதலை

ஒகேனக்கல் முதலைப் பண்ணையைப் பார்த்துவிட்டு வந்த பென்னாகரம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வெயிலில் காய்வதுதான் முதலைக்குப் பிடிக்கும் என்றால், பூமி சூடாவது அதற்கு நல்லதுதானே?"

வளர்ந்த முதலை எப்படியோ சமாளித்துவிடும். சூடு தாங்காவிட்டால் வாயைப் பிளந்துகொள்ளும், தண்ணீரில் இறங்கும், கரையில் வளை தோண்டி உள்ளே படுத்துக்கொள்ளும். சிக்கலெல்லாம் முட்டையில்.

காவிரியில் இருப்பது சதுப்பு முதலை. ஆறு வற்றி மணல் திட்டுகள் வெளியே தெரியும் மாசி, பங்குனி வாக்கில், பெட்டை நீர்மட்டத்துக்கு மேலே இடம் பார்த்து ஏறக்குறைய ஒரு முழம் ஆழத்துக்குக் குழி பறிக்கும். 25, 30 முட்டை இட்டு மூடிவிடும். கோழி போல அடைகாப்பதில்லை; மணலின் சூடுதான் அடை. இரண்டு மாதம் முன்னே பின்னே ஆனதும் முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுக்கும். தாய் தோண்டியெடுத்து வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும்.

அந்தக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முட்டையிடும் நாளில் முடிவாகியிருக்காது. மனிதரில் கரு உருவாகும் கணத்திலேயே முடிந்துவிடும் விஷயம் அது. தந்தையின் விந்தணு எக்ஸ் குரோமோசோம் கொண்டுவந்ததா ஒய் கொண்டுவந்ததா என்பதுதான் கணக்கு. பெண் பிறந்தால் மருமகளைத் திட்டும் வழக்கம் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட நம் தருமபுரி மாவட்டத்தில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. முதலை வீட்டு மாமியார் திட்டினாலாவது கொஞ்சம் நியாயம் உண்டு. அங்கே தாய் தேர்ந்தெடுக்கும் இடம்தான் தீர்ப்பு.

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையின் முட்டைகளை வைத்து 1980களில் இதைச் சோதித்தார்கள். மாறாத வெப்பத்தில் வைத்தபோது, 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை பிறந்தவை அத்தனையும் பெண். 32.5இல் அத்தனையும் ஆண். 33இல் மறுபடி பெண்ணும் கலந்து வந்தது. முழுப் பெண்ணுக்கும் முழு ஆணுக்கும் இடையே வெறும் ஒன்றரை டிகிரி! பூமியின் சூடு இதற்கு மேல் ஏறாமலிருக்க முயல்வோம் என்று பாரிஸ் ஒப்பந்தத்தில் உலக நாடுகள் பேசிக்கொண்ட அதே எண். தற்செயல்தான், ஆனாலும் உறுத்துகிறது.

உள்ளே நடப்பது இன்னும் அழகு. கருவின் இனப்பெருக்கச் சுரப்பி முதலில் இரண்டு பக்கமும் போகக்கூடியதாக இருக்கும். அடைகாலத்தை மூன்றாகப் பிரித்தால் நடுப்பங்கில்தான் பாதை பிரிகிறது. அரோமடேஸ் என்ற நொதி, ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும். முட்டை சற்றுக் குளிர்ந்திருந்தால் இந்த நொதி வேலை செய்து சுரப்பியைச் சூலகமாக்கும். சூடேறினால் நொதி அடங்கும், விதைப்பை உருவாகும்.

சரி, சூட்டை அளப்பது யார்? 2015இல் அமெரிக்க அலிகேட்டர் முட்டைகளில் ஒரு விடை கிடைத்தது. செல்லின் சவ்வில் டிஆர்பிவி4 என்றொரு புரதக் கதவு. முப்பதைத் தாண்டிய இளஞ்சூட்டில் அது திறந்து, கால்சியத்தை உள்ளே விடுகிறது. மருந்து கொடுத்து அதை அடைத்தபோது, ஆண் பாதையின் மரபணுக்கள் மந்தமாயின. இதே கதவு நம் தோலிலும் இருக்கிறது. வெதுவெதுப்பை உணர நாம் பயன்படுத்துவதை முதலையின் உறவுக்கார விலங்கு ஆண்பிள்ளை பெறப் பயன்படுத்துகிறது.

உச்சி வெயில் முழ ஆழத்துக்கு இறங்குவதற்குள் மங்கிப்போகும். அதனால் முட்டை உணர்வது ஒருநாள் வெயிலை அல்ல, வாரக்கணக்கான சராசரியை. அதனால்தான் பருவமே சூடாவது ஆபத்து. ஒரு டிகிரி ஏறினால் பெண் குழிகள் ஆண் குழிகளாகும். அதற்கும் மேலே போனால் ஊனமும் சாவும். கரையோர நீர்மருதுகளை வெட்டினால், புவி வெப்பமாதலுக்குக் காத்திராமலே குழி சூடேறும். முதலை நிழலுக்கு இடம் மாற்றலாம், முன்கூட்டியே முட்டையிடலாம் என்பது உண்மைதான். ஆனால் மணல் அள்ளிய கரையில் தேர்ந்தெடுக்க இடம் ஏது? தாமதமாக இட்டால் ஆனியில் கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவைத் தாண்டி வரும் வெள்ளம் முட்டையை மூழ்கடிக்கும்.

எல்லா உயிருக்கும் ஒரே திசை என்று நினைத்துவிட வேண்டாம். பச்சைக் கடலாமையில் நேர்மாறு, சூடு பெண்ணாக்கும். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் இளம் ஆமைகளில் 99 விழுக்காடு பெண் என்று 2018இல் கண்டார்கள். இதே காவிரியில் வாழும் மெல்லோட்டு ஆமைகளின் குடும்பத்துக்கோ, ஆராய்ந்தவரை, வெப்பம் ஒரு பொருட்டே இல்லை. பால் குரோமோசோமில் எழுதியிருக்கிறது.

2022இல் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். நல்லது. அதோடு, பொத்தான் அளவு வெப்பப் பதிவுக்கருவிகளையும் மணலில் புதைக்க வேண்டும். மூன்று வருஷத் திட்டத்துக்குப் பணம் தருகிறவர்கள் பத்து வருஷம் என்றால் முகம் சுளிக்கிறார்கள். பருவநிலை மாற்றத்துக்கு மூன்று வருஷத் தரவு உப்புக்கும் உதவாது. கருவியை முட்டை இருக்கும் அதே ஆழத்தில், குழியைக் கலைக்காமல் சற்றுத் தள்ளிப் புதைத்து, மணிக்கொரு முறை பதிய விட்டால் போதும். கடைசி வாரங்களில் வளர்ந்த குஞ்சுகளின் உடல்சூட்டால் முட்டைக் குழி பக்கத்து மணலைவிடச் சூடாகும், கருவி அதைக் காட்டாது. பரவாயில்லை, தீர்ப்பு அதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கும்.