நோயின் பெயர் தெரியும் முன்பே

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரிடம் "என்ன தொந்தரவு?" என்று கேட்டு, அவர் சொல்வதை ஓரிரு சொற்களில் கணினியில் பதிந்துகொள்வார்கள். ஆய்வக முடிவு வர நாட்கள் ஆகலாம். பலருக்குப் பரிசோதனையே தேவைப்படாமலும் போகலாம். அந்த முடிவுக்காகக் காத்திராமல், முதலில் பதிந்த அறிகுறிகளையே திரட்டி, ஒரு வட்டாரத்தில் என்ன பரவுகிறது என்று அன்றாடம் கணிக்கும் முறையே அறிகுறிசார் நோய்க் கண்காணிப்பு.

மருத்துவமனையிலிருந்து பொதுச் சுகாதாரத் துறைக்கு நோயாளியின் பெயர் போவதில்லை. வயது, பாலினம், வசிக்கும் பகுதி, வந்த நேரம், சொன்ன தொந்தரவு ஆகியவை போகின்றன, பின்னர் மருத்துவர் பதியும் நோய்க் குறியீடும் சேர்கிறது. கணினி நிரல் அச்சொற்களைப் படித்து, காய்ச்சலோடு இருமலோ தொண்டை வலியோ இருந்தால் ஃப்ளூ போன்ற நோய் என்றும், வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் குடல் சார்ந்த நோய் என்றும் வகைப்படுத்துகிறது. கேட்க எளிதாகத் தோன்றினாலும் உண்மையில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவசரத்தில் தட்டச்சு செய்த குறிப்புகளில் எழுத்துப் பிழைகளும், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனித்தனியான சுருக்கெழுத்துகளும் மலிந்திருக்கும். "காய்ச்சல் இல்லை" என்ற குறிப்பில் "காய்ச்சல்" என்ற சொல்லை மட்டும் பார்க்கும் நிரல், காய்ச்சல் இல்லாதவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடும்.

வகைப்படுத்திய எண்ணிக்கை தன்னளவில் எதையும் சொல்லாது. இன்று 40 பேர் வயிற்றுப்போக்கோடு வந்தார்கள் என்றால், வழக்கமாக எத்தனை பேர் வருவார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். அந்த வழக்கமும் கிழமைக்குக் கிழமை, பருவத்துக்குப் பருவம் மாறுவதால், முந்தைய வாரங்களையும் ஆண்டுகளையும் கொண்டு எதிர்பார்க்கும் அளவைக் கணக்கிட்டு, அதைத் தற்செயலாக இருக்க முடியாத அளவுக்கு மீறும்போது மட்டும் எச்சரிக்கை எழும்படி அமைக்கிறார்கள். அப்போதும் வீண் எச்சரிக்கைகள் வராமலிருப்பதில்லை: தற்செயலாக நூற்றில் ஒரு நாள் மீறக்கூடிய எல்லையை வைத்து, ஒவ்வொரு பகுதியின் ஒவ்வொரு நோய்வகைக்கும் ஒன்றாக 100 எண்ணிக்கை வரிசைகளைக் கண்காணித்தால், எதுவுமே நடக்காத நாளிலும் சராசரியாக ஓர் எச்சரிக்கை எழும். ஆகவே எச்சரிக்கை வந்ததும் தொற்றுநோயியல் வல்லுநர் ஒருவர் பதிவுகளைத் திறந்து, வந்தவர்கள் ஒரே பகுதியினரா, ஒரே வயதினரா என்று பார்த்து, தேவையானால் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசுகிறார். என் மதிப்பீட்டில், இந்த அமைப்பின் உயிர்நாடி நிரலைவிட அந்த வல்லுநர்தான்.

எண்ணிக்கைக்குப் பதில், வந்தோர் மொத்தத்தில் ஒரு நோய்வகையினரின் விழுக்காட்டைப் பார்த்தாலும் ஏமாற இடமுண்டு. 2020 ஏப்ரல் வாக்கில் அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தோர் தொகை முந்தைய ஆண்டைவிட 42 விழுக்காடு குறைந்தது. தொற்றுக்கு அஞ்சி மற்றவர்கள் வராமலிருந்தாலே, நோயாளிகள் கூடாமல் விழுக்காடு மட்டும் கூடிவிடும்.

அமெரிக்காவில் இம்முறை வேகமாக வளரக் காரணம், 2001-இல், ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோயின் கிருமித் தூளை வைத்து அஞ்சலில் அனுப்பப்பட்ட கடிதங்கள் கிளப்பிய உயிரியல் தாக்குதல் அச்சம். பயன் கிடைத்ததோ பெரும்பாலும் வேறு இடங்களில். 2003 ஆகஸ்ட் மின்தடைக்குப் பின் நியூயார்க்கில் வயிற்றுப்போக்கு கூடியதை இத்தரவுகள் காட்டின. குளிர்பதனமின்றிக் கெட்ட இறைச்சியும் கடலுணவும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. அதே கோடையில் வெப்ப அலையால் ஏறத்தாழ 15,000 பேரை இழந்த பிரான்ஸ், மறு ஆண்டே அவசர சிகிச்சைப் பிரிவுகளை இணைக்கும் வலையமைப்பைத் தொடங்கியது. இங்கிலாந்து 2012 லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கான தன் அமைப்பை நிறுவியது. ஃப்ளூ பருவம் தொடங்கியதையும், அது உச்சம் தொட்டுத் தணிவதையும், பெருந்திரள் கூடும் விழாவின்போது அசாதாரணமாக எதுவும் நிகழவில்லை என்பதையும் சில மணி நேரத் தாமதத்தில் அறிய இதைவிட நல்ல வழி குறைவு.

ஆனால், சிதறிக் கிடக்கும் சில நோயாளிகளை இம்முறை காணாது. 2001 தாக்குதலில் ஆந்த்ராக்ஸ் கண்டவர்கள், பல மாநிலங்களையும் சேர்த்தே, 22 பேர். எந்த நகரத்தின் அன்றாட வரைபடத்திலும் அது மேடாகத் தெரிந்திருக்காது. முதல் நோயாளியை அடையாளம் கண்டவர், ஃபுளோரிடாவில் ஒருவரின் தண்டுவட நீரில் நுண்ணோக்கி காட்டிய பாக்டீரியாவைப் பார்த்து ஐயம் கொண்ட ஒரு மருத்துவர்.