அப்பளத்தில் ஓர் ஒட்டு

என் மாமாவின் 1999-ஆம் வருஷத்து மாருதி 800, செல்லூர்ப் பக்கம் அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தது. 2024 அக்டோபர் கடைசியில் மதுரையில் கொட்டிய மழையில் அந்தத் தெருவுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு சீட்டுகளைக் கழற்றி மொட்டை மாடியில் காயவைத்தார்கள். தரையோடு ஒட்டிக் கிடந்த கம்பளத்தை மட்டும் யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. எட்டு மாதம் கழித்து வண்டி என் கைக்கு வந்தபோது, டிரைவர் குதிகால் ஊன்றும் இடம் மெத்தென்று இருந்தது. கம்பளத்தைத் தூக்கினேன். கீழே தார் ரோடு தெரிந்தது.

உள்ளங்கை அளவு ஓட்டை. வீட்டில் கேட்டுக்கும் கிரில்லுக்கும் பற்றவைக்க வாங்கிய சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் இருந்தது. ஒரு தகட்டை வைத்து நாலு பக்கமும் ராடால் (பற்றவைக்கும் குச்சியால்) ஓட்டினால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ராடு தொட்ட இடமெல்லாம் புதுசாக ஓட்டை விழுந்தது. பத்து நிமிஷத்தில் உள்ளங்கை ஓட்டை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. எங்கள் தெரு முனையில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். “தம்பி, கேட்டுக்கு வைக்கிற சூட்டைக் கொண்டுபோய் அப்பளத்துக்கு வச்சிருக்கீங்க” என்றார்.

அவர் சொன்னதை அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்துக் கார்களின் உடல் தகடு பெரும்பாலும் 0.7 முதல் 1 மில்லிமீட்டர் கனம்தான். 0.8 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டர் எடுத்தால் எடை 0.6 கிராம் சொச்சம். அதை அறை வெப்பத்திலிருந்து இரும்பு உருகும் 1500 டிகிரிக்குக் கொண்டுபோய் முழுக்க உருக்க ஏறக்குறைய 800 ஜூல் போதும். 2.5 மில்லிமீட்டர் ராடை 80 ஆம்பியரில் ஓட்டினால் ஆர்க்கில், அதாவது ராடு நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறியில், சுமார் 1,750 வாட் பிறக்கிறது. அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தகட்டுக்குப் போகிறது என்று வைத்தாலும், ஒரு சதுர சென்டிமீட்டர் தகடு காணாமல் போக ஒரு விநாடிகூட வேண்டாம். கேட்டின் 5 மில்லிமீட்டர் பட்டையில் சுற்றியிருக்கும் கனமான இரும்பு அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கார் தகட்டில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

இரும்பை உருக்குவது சுலபம், பக்கத்து இரும்பை உருகாமல் வைத்திருப்பதுதான் பாடு. அதற்குப் போகும் முன் துருவைப் பார்த்துவிடலாம். அது புரியாமல் ஒட்டுப் போட்டால் இரண்டு வருஷத்தில் ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஒட்டுப் போடவேண்டியிருக்கும்.

துருப் பிடிக்கும் இடத்தில் ஒரு குட்டி பேட்டரி ஓடுகிறது. ஈரமான தகட்டில் ஓரிடத்தில் இரும்பு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைகிறது. வேறோர் இடத்தில், தண்ணீரில் கலந்திருக்கும் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. தகடே ஒயர், தண்ணீரே பேட்டரி ஆசிட். இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் தப்பித்துவிடும்; ஆக்சிஜன் குறைவான இடம்தான் கரையும். சேறு அப்பிய மூலை, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடுக்கு, பெயின்ட் கொப்புளத்தின் அடி, ஈரக் கம்பளத்தின் கீழ் என்று கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்து அரிப்பது இதனால்தான். மாமா வண்டியின் ஓட்டை எட்டு மாதத்தில் விழுந்தது இல்லை. இருபத்தைந்து வருஷமாக மழைக்காலச் செருப்பு ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்த கம்பளத்தின் கீழே மெல்ல நடந்த வேலையை வெள்ளம் முடித்துவைத்தது.

கரைந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகும்போது, பழைய இரும்பைப்போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும். பெயின்ட் உப்புவதும் தகடுகளின் விளிம்பு பிரிவதும் அந்த அழுத்தத்தால்தான். அலுமினியச் சட்டியின்மேல் படியும் ஆக்சைடு நெருக்கமான தோல்போல இருந்து உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்பின் துருவோ பொடிப்பொடியாக, நுண்துளைகளோடு இருக்கும். ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அடியில் வேலையைத் தொடரும். அதன்மேல் பட்டி பூசி மறைத்தால் பார்க்க அழகாக இருக்கும், பேட்டரி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

உப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாக ஓடும் என்பது ஒரு காரணம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும் என்பது இன்னொன்று. மழையே பெய்யாவிட்டாலும் தகடு நனைந்தே கிடக்கும். பழைய கார் வாங்கும்போது மதுரை ஆட்கள் டி.என். 69, டி.என். 65 என்று தூத்துக்குடி, ராமநாதபுரம் நம்பரைப் பார்த்ததும் குனிந்து அடியைப் பார்ப்பது வெறும் ஊர்ப் பாசம் இல்லை. அதற்காக டி.என். 58, 59 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். நம் ஊரில் உப்பு இல்லை, சேறு இருக்கிறது.

துரு எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க, மானாமதுரைப் பானையைத் தட்டி வாங்குவதுபோலத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு ‘ணங்’ என்று சொல்லும். மெலிந்த தகடு ‘பொத்’தென்று சொல்லும். சந்தேகமிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். என் வண்டியில் தட்டு அளவு ஓட்டையைச் சுற்றி இன்னும் இரண்டு விரல் அகலத்துக்கு ‘பொத்’ கேட்டது. அத்தனையையும் வெட்டி எடுத்தேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் மெலிந்த தகட்டில் ஆர்க் நிற்காது. துரு இருக்கும் இடத்தில் உருகிய இரும்புக்குள் ஆக்சிஜனும் ஈரமும் கலந்து, பற்று, அதாவது பற்றவைத்த இணைப்பு, தேனடைபோல ஓட்டை ஓட்டையாக வரும். எனவே இரண்டு பக்கமும் பளபளவென்று வெள்ளைத் தகடு தெரியும்வரை கிரைண்டிங் செய்ய வேண்டும்.

கிரைண்டர் நுழையாத இடுக்குகளுக்குத் துருமாற்றி என்றொரு திரவம் கடையில் கிடைக்கிறது. சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், சிலவற்றில் டானிக் அமிலம். இரண்டாவது வகையைத் தடவினால் துரு கறுத்துப்போகும். நம் பாட்டன்மார் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான்: கடுக்காயின் டானின் இரும்போடு சேர்ந்து கரையாத கறுப்புப் பொருளாக மாறுகிறது. பற்றவைக்கப்போகும் விளிம்பில் மட்டும் இதைப் பூசக் கூடாது.

ஒட்டுக்கு மாதிரி வடிவம் எடுக்கக் கல்யாணப் பத்திரிகை அட்டையைவிட நல்ல பொருள் இல்லை. ஓட்டையின்மேல் வைத்து விரலால் விளிம்பைத் தேய்த்து, வடிவத்தை வெட்டி, அதை 20 கேஜ் சி.ஆர். ஷீட்டில் (பூச்சில்லாத இரும்புத் தகட்டில்) வரைந்துகொள்ளலாம். மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர்மூலையில் இழுவிசை குவிந்து பிற்பாடு அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். கூரைக்குப் போட்டு மீந்த ஜி.ஐ. ஷீட்டைக் கையில் எடுக்காதீர்கள். அதன்மேல் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், இரும்போ 1500-இல்தான் உருகும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று ராத்திரியே குளிரும் காய்ச்சலும் வரும்.

ஒட்டை ஓட்டையின்மேல் போர்த்திப் பற்றவைப்பது எளிது. ஆனால் இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய இடுக்கு உருவாகி, தண்ணீர் அதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மேலே சொன்ன ஆக்சிஜன் குறைவான இடத்தை நாமே செய்துகொடுத்த மாதிரி. அதனால் ஒட்டை ஓட்டைக்குள் சரியாக உட்காரும்படி வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்ப்பதே மேல். நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சந்து போதும்.

இனி சூட்டுக்கு வருவோம். ராடை ஓரங்கட்டிவிட்டு மிக் மெஷின் ஒன்றை இரவல் வாங்கினேன். இதில் ராடுக்குப் பதில் 0.8 மில்லிமீட்டர் கம்பி ஒரு சுருளிலிருந்து தானாக ஓடிவரும். கம்பியின் நுனி தகட்டைத் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து நுனி உருகி அறுந்து விழும். ஒரு நொடித்துணுக்கு ஆர்க் எரியும். மறுபடி கம்பி வந்து தொடும். விநாடிக்கு 50 முதல் 200 தடவை இது நடக்கிறது. கம்பி வேகமும் மின்னழுத்தமும் பொருந்தியிருந்தால் தாளிப்பில் கடுகு பொரிவதுபோலச் சீரான சத்தம் வரும். விட்டுவிட்டு வெடித்தால் ஏதோ பொருந்தவில்லை என்று அர்த்தம். தொடுதலும் எரிதலும் மாறிமாறி வருவதால் சூடு ராடைவிட நிறையக் குறைவு. 40 ஆம்பியர் பக்கம் வைத்தாலே இந்தத் தகட்டுக்குப் போதும்.

உருகிய இரும்பைக் காற்று தொடக் கூடாது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் உள்ளே புகுந்தால் பற்று துளைவிழுந்து நொறுங்கும். கார்பன் டை ஆக்சைடோ, அதனோடு ஆர்கான் சேர்த்த கலவையோ குழாய் முனையில் குடைபோல விரிந்து அதை மூடி நிற்கிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், இந்தக் குடை எம்மாத்திரம்? நான் வேலை ஆரம்பித்தது சரியாக ஆடி மாதம். முதல் நாள் போட்ட பற்றுகளெல்லாம் ரஸ்க் மாதிரி வந்தன. கேஸ் தீர்ந்துவிட்டதோ என்று சிலிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் தெருக் காற்று. வண்டியைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியதும் சரியாகிவிட்டது. முழுக்க மூடிய அறையிலும் செய்யக் கூடாது, புகையும் கேஸும் அங்கேயே தங்கிவிடும்.

மிக் கையில் வந்தாலும் ஒரே இழுப்பாக ஓட்டினால் தகடு ஓடம்போல நெளிந்துவிடும். இதன் காரணம்தான் இந்த வேலையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது. இரும்பு சூடானால் விரியும்; ஒரு மீட்டர் கம்பிக்கு 100 டிகிரி ஏற்றினால் 1.2 மில்லிமீட்டர். தகட்டின் நடுவில் ஒரு புள்ளி மட்டும் சூடானால், அதுவும் விரியப் பார்க்கும், ஆனால் சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு விடாது. பக்கவாட்டில் போக வழியில்லாமல் அந்தப் புள்ளி தன்னைத்தானே நெருக்கிக்கொண்டு கனத்தில் தடிக்கும். சாதாரண இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்கு நசுங்கினாலே பழைய அளவுக்குத் திரும்பாது. அப்படியானால், முழுக்க இறுக்கிப் பிடிக்கப்பட்ட இடத்தில் வெறும் 100 டிகிரி வித்தியாசமே நிரந்தரமாக உருமாற்றப் போதும். நாம் வைப்பதோ 1500. ஆறும்போது அந்தப் புள்ளி, தொடங்கியபோது இருந்ததைவிடச் சின்னதாகச் சுருங்கி, சுற்றியிருக்கும் தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். துணியில் ஒரு நூலைச் சுண்டினால் சுற்றிச் சுருக்கம் விழுமே, அதே கதை.

ஆகவே தையல்காரர் ஓட்டுத்தையல் போடும் முறைதான் சரி. ஒரு புள்ளி இங்கே, அடுத்தது நேர் எதிரே, பிறகு இரண்டுக்கும் நடுவே. ஒவ்வொன்றும் ஒரு விநாடிக்குள். வைத்ததும் விலகி, வெறுங்கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே பக்கத்தில் அடுத்தது. ஒட்டின் சுற்றளவை முழுக்க மூட எனக்கு மூன்று சாயங்காலம் பிடித்தது. ஆர்க் எரிந்த நேரத்தை மட்டும் கூட்டினால் சில நிமிஷம்தான் வரும். சந்து கொஞ்சம் பெரிதாகிப்போன இடத்தில் அடியில் ஒரு செப்புத் தகட்டைப் பிடித்துக்கொண்டேன். செம்பு இரும்பைவிட ஏழெட்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவதால் உருகிய இரும்பு ஒழுகாமல் அங்கேயே உறையும், செம்போடு ஒட்டவும் செய்யாது.

டிங்கர் அண்ணனுக்கு மிக்கில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர் கேஸ் வெல்டிங் ஆள். கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டு அசிட்டிலீன் எடுத்த காலத்திலிருந்து பழகியவர். மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்கவைக்கிறார்களே, அதே கல். ஆக்சிஜனோடு எரியும் அந்தத் தீ 3,000 டிகிரியைத் தாண்டும், ஆனால் மெல்ல ஆறுவதால் பற்று மென்மையாக இருக்கும். அடியில் இரும்புக் கட்டையைக் கொடுத்து மேலே சுத்தியலால் தட்டினால், சுருங்கிய பற்று விரிந்து தகடு பழைய நிலைக்கு வரும். மிக் பற்று கடினமாக இருப்பதால் அவ்வளவு சொன்னபடி கேட்காது. வெளியே தெரியும் கதவு, மட்கார்டு போன்ற தகடுகளுக்கு அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தரைத் தகட்டை யார் பார்க்கப்போகிறார்கள்?

பார்க்காவிட்டாலும் அது பலம் தாங்கும் தகடு. லாரிக்கு இருப்பதுபோல மாருதி 800-க்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரை, ரன்னிங் போர்டு (கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி), தூண், கூரை எல்லாம் சேர்ந்த பெட்டிதான் பாரத்தைச் சுமக்கிறது. அதனால் ஒட்டைச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் பற்றவைக்க வேண்டும். சஸ்பென்ஷன் மாட்டும் இடம், சீட் பெல்ட் போல்ட் இருக்கும் இடம் என்றால் நான் கைவைக்கவே மாட்டேன், பட்டறைக்குத்தான் அனுப்புவேன்.

பேட்டரி ஒயரைக் கழற்றுவது, கம்பளத்தையும் சீட்டையும் அப்புறப்படுத்துவது, பெட்ரோல் பைப் எந்த வழியாகப் போகிறது என்று அடியில் படுத்துப் பார்ப்பது, பக்கெட்டில் தண்ணீரும் தீயணைப்பானும் வைப்பது எல்லாம் ஆர்க் போடுவதற்கு முன்பே. கண்ணைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆர்க்கின் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும், அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரமோ இன்னும் பிந்தியோ, தூக்கத்தின் நடுவே, மணலை அள்ளிக் கொட்டியதுபோல எரியும். உருளைக்கிழங்கு வில்லை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். குளிர்ச்சிக்கு இதம், வேறெதுவும் இல்லை. கண் டாக்டரைப் பார்ப்பதே நல்லது. தார்ப்பாய் கட்டியது காற்றுக்கு மட்டுமில்லை, வேடிக்கை பார்க்க வந்த தெருப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

பற்றவைத்து முடித்ததும் துருவுக்கு வசதியான இடம் ஒன்றை உண்டாக்கியிருப்போம். மேல்பக்கம் கிரைண்டர் போட்டு, பிரைமர் அடித்து, இணைப்பில் சீலர் தடவி அழகாக்கிவிடலாம். அடிப்பக்கத்திலும் ரன்னிங் போர்டின் உள்ளேயும் பழைய பெயின்ட் கருகி, வெறும் இரும்பு நிற்கும். துரு திரும்பி வருவது அந்த வழியாகத்தான். அடியில் பிரைமரும் அண்டர் கோட்டிங்கும் அடித்தேன். பிரஷ் போகாத உட்பகுதிக்கு, நீண்ட குழாய் முனையால் மெழுகுக் கலவையைப் பீய்ச்சினேன். கம்பளத்தைப் போடுவதற்கு முன் ரன்னிங் போர்டின் அடியிலும் கதவுகளின் அடியிலும் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளைத் தேடினேன். ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. செல்லூர் வண்டல் உள்ளே இறுகிப் போயிருந்தது. பழைய சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குடைந்ததும், ஒரு டம்ளர் இருக்கும், செம்மண் நிறத் தண்ணீர் என் முழங்கையில் ஒழுகியது. அந்தக் கம்பி இப்போது டேஷ்போர்டில் கிடக்கிறது, ஐப்பசி மழை ஒவ்வொன்றுக்கும் பிறகு வெளியே எடுக்கிறேன்.