குளிசையை வெட்டாதீர்கள்

இந்த மாதமும் எங்கள் எச்.ஐ.வி. கிளினிக்குக்கு ஒருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்த கடதாசி மடிப்புக்குள் பிளேட்டால் வெட்டிய பாதிக் குளிசைகள். ஓரம் உதிர்ந்து தூளாகிக் கிடந்தது. கனடாவில் இருக்கிற உறவினர், "இஞ்சை எச்.ஐ.வி.க்கு இப்ப ரெண்டு மருந்துதான் குடுக்கினம், மூண்டு தேவையில்லை" என்று போனில் சொன்னாராம். அரிவு வெட்டு நேரம் கிளினிக்குக்கு வரவும் வசதியில்லை. பாதி பாதியாகப் போட்டால் ஒரு மாத மருந்து இரண்டு மாதத்துக்குப் போகும் என்று அவராகவே கணக்குப் போட்டுவிட்டார். இப்படி வருகிறவர்களைப் பார்த்து மனம் வெறுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

உறவினர் சொன்னது பொய்யில்லை. டொலுடெக்ராவிர், லமிவுடீன் என்ற இரண்டு எச்.ஐ.வி. மருந்துகள் மட்டும் சேர்ந்த குளிசைக்கு அமெரிக்கா 2019இல் அனுமதி கொடுத்தது. புதிதாகச் சிகிச்சை தொடங்கிய 1,400க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஜெமினி ஆய்வுகளில், இரண்டு மருந்து மூன்று மருந்துக்குச் சளைக்காமல் வைரஸை அடக்கியது. ஏற்கெனவே வைரஸ் அடங்கியிருந்தவர்களை இரண்டு மருந்துக்கு மாற்றிப் பார்த்த டாங்கோ ஆய்விலும் அடக்கம் குலையவில்லை.

ஆனால் மருந்தின் எண்ணிக்கை குறைவது வேறு, அளவு குறைவது வேறு. தயவுசெய்து இதை நின்று வாசியுங்கள். நீங்கள் போடும் ஒற்றைக் குளிசைக்குள் டெனோபோவிர் 300 மி.கி., லமிவுடீன் 300 மி.கி., டொலுடெக்ராவிர் 50 மி.கி. இருக்கின்றன. இரண்டு மருந்துக் குளிசையிலும் லமிவுடீன் அதே 300, டொலுடெக்ராவிர் அதே 50. டெனோபோவிர் மட்டுமே இல்லை. நீங்கள் வெட்டினால் கிடைப்பது 150, 150, 25. மூன்று மாவையும் ஒன்றாய்க் குழைத்துச் சுட்ட ரொட்டியைப் பிய்த்தால், ஒவ்வொரு துண்டிலும் மூன்று மாவும்தான் இருக்கும். ஒரு மருந்தும் குறையாது, மூன்றும் வலுவிழக்கும். அரைகுறை மருந்துக்கு வைரஸ் பழகிக்கொள்ளும். லமிவுடீனுக்குப் பழகிவிட்டால், பிறகு இரண்டு மருந்துக்கு மாறுகிற வழியே அடைபடக்கூடும். வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி அடங்கியிருக்கும்வரை உடலுறவால் துணைக்குத் தொற்றாது. அந்தப் பாதுகாப்பையும் வெட்டியெறிகிறீர்கள்.

மருந்தைக் குறைக்க எங்களுக்கும் விருப்பம்தான். டெனோபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் தாக்கும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வேறு இருக்கிறது. (இளம் வைத்தியர்களுக்கு ஒரு சொல்: டொலுடெக்ராவிர் தொடங்கியதும், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேற்றினின் அளவு இரத்தத்தில் சற்று ஏறும். அதை மட்டும் கண்டு சிறுநீரகம் பழுதென்று முடிவுகட்ட வேண்டாம்.)

குறைப்பதற்கு முன், ஈரலைத் தாக்கும் வைரஸான ஹெப்பற்றைற்றிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். டெனோபோவிர் அந்த வைரஸையும் சேர்த்து அடக்குகிறது. திடீரென்று நிறுத்தினால் ஈரல் அழற்சி கிளம்பி உயிருக்கே உலை வைக்கலாம். இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இதற்கான ஊசி சேர்ந்தது 2003இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் பலர் அதைப் போட்டிருக்கவே மாட்டார்கள். காசநோய்க்கு ரிபாம்பிசின் எடுப்பவருக்கு இரண்டு மருந்துக் குளிசை மட்டும் போதாது. முன்பு சிகிச்சை பிசகியவருக்கும் பெரும்பாலும் அப்படித்தான்.

பாமசியில் நோக்குளிசையைக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். அவற்றில் சில டெனோபோவிரோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கல்சியம், இரும்புச்சத்து, நெஞ்செரிவுக் குளிசைகள் இருந்தால், எச்.ஐ.வி. குளிசையை முதலில் போட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து அவற்றைப் போடுங்கள். பரியாரியின் கசாயமோ சூரணமோ, எதுவானாலும் கொண்டுவந்து காட்டுங்கள்.

வயல் வேலை இருக்கிறதென்றால் வேளைக்கே சொல்லுங்கள், மருந்தைக் கூடுதலாகத் தர வழி பார்ப்போம். ஊர்ச்சனம் கண்டுவிடும் என்ற பயமென்றால் வேறு மாவட்டக் கிளினிக்குக்கு மாற்றிக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே வெட்டிப் போட்டவர்கள் இன்றைக்கே முழுக்குளிசைக்குத் திரும்புங்கள். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் வாருங்கள். எத்தனை நாள் அப்படிப் போட்டீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள். ஏசமாட்டோம். வைரஸ் அளவைப் பார்த்துத்தான் அடுத்த மருந்தைத் தீர்மானிக்க முடியும்.