விழாத நம்பரை விடாமல் எடுப்பது ஏன்?

மலேசியாவின் பினாங்கில் புதன், சனி, ஞாயிறு என்றால், நாலு இலக்க லாட்டரி விற்கும் நம்பர் கடைகளில் கூட்டம் நெருக்கும். சாலையோரம் நசுங்கிக் கிடந்த காரின் பதிவு எண், கனவில் வந்த பாட்டியின் பழைய வீட்டு எண், தண்ணீர்மலைக் கோயில் அர்ச்சனைச் சீட்டின் கடைசி இலக்கங்கள் என்று நாலு இலக்கம் தேறினால் போதும், பணம் கட்டிவிடுவார்கள்.

கணக்கைப் பார்ப்போம். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்களுக்குப் பரிசு. இந்த 23 பரிசுகளும் கிடைக்கக்கூடிய ‘பிக்’ என்ற பந்தய வகையில் ஒரு ரிங்கிட் கட்டியவருக்கு முதல் பரிசு 2,500 ரிங்கிட், அடுத்தவை 1,000, 500. பிறகு சிறப்புப் பரிசு பத்து, தலா 180. ஆறுதல் பரிசு பத்து, தலா 60. பத்தாயிரம் எண்களையும் ஒருவரே வாங்கினால் 10,000 ரிங்கிட் கொடுத்து 6,400 திரும்பப் பெறுவார். ஒரே எண்ணை வாரம் மூன்று முறை விடாமல் எடுப்பவருக்குச் சராசரியாக இரண்டே முக்கால் ஆண்டுக்கு ஒரு பரிசு விழும். முதல் பரிசுக்கு 64 ஆண்டு ஆகும்.

இது ரகசியம் ஒன்றும் இல்லை. தே தாரேக் குடித்துக்கொண்டே “இதில் கடைக்காரன்தான் பணக்காரன் ஆவான்” என்று நம்பர் எடுப்பவரே சொல்வார். சொல்லிவிட்டு எழுந்து போய் எடுப்பார். அறிவு ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்வது ஏன்? உளவியலின் பெரிய சிந்தனைப் பள்ளிகள் எல்லாம் இந்தக் கேள்வியின் ஏதாவது ஒரு முனையைப் பிடித்து இழுத்தவைதான்.

1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் அமைத்த வில்ஹெல்ம் வுண்ட், தன் அனுபவத்தைத் தானே கவனித்துச் சொல்லும் முறையை நம்பினார். கட்டுப்பாடான சோதனைகளுக்கு அது சரி. நம் ஆளிடம் காரணம் கேட்டால் “மனதில் பட்டது” என்பார். அதற்கு மேல் நகராது. இந்தச் சிக்கலை வெட்டிவிட 1913இல் அமெரிக்கரான ஜான் வாட்சன் ஒரு முரட்டு வழி சொன்னார்: மனதை விடுங்கள், கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மட்டும் பாருங்கள். அதுவே நடத்தையியல்.

அந்த வழியில் வெகுதூரம் போனவர், புறாக்களை வைத்துச் சோதனை செய்த அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர். பொத்தானைக் கொத்தும் ஒவ்வொரு முறையும் தீனி பெற்றுப் பழகிய புறா, தீனி நின்றால் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாமல் பழகிய புறாவோ, தீனி நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். நிச்சயமில்லாத பரிசுதான் பழக்கத்தை இறுக்குகிறது. இந்த விளையாட்டில் ஆளைக் கட்டிப்போடுவது 2,500 ரிங்கிட் என்று பலரும் நினைப்பார்கள். என் கணிப்பு வேறு: அவ்வப்போது எட்டிப் பார்க்கும் 60 ரிங்கிட்தான் உண்மையான வேலையைச் செய்கிறது.

1948இல் ஸ்கின்னர் இன்னொரு வேடிக்கையும் செய்தார். எட்டுப் புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 விநாடிக்கு ஒருமுறை தீனி வைத்தார். ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று வட்டமடித்தது, ஒன்று கூண்டின் மேல் மூலையில் தலையை முட்டியது. தீனி விழுந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததே தீனியைக் கொண்டுவந்தது போல் ஆகிவிட்டது என்பது அவர் விளக்கம். தீனியை எதிர்பார்க்கும் பறவை இயல்பாகவே அப்படி அசையும் என்று 1971இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பு வலுவானதே. ஆனாலும் ஒருமுறை பரிசு விழுந்த கடையில், அதே முகப்பில் மட்டும் எடுப்பேன் என்று வெயிலில் நிற்பவரைப் பார்த்தால் எனக்கு அந்தப் புறாக்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

கனவு என்றதும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டை இழுப்பது நம்மவர் வழக்கம். பாம்பு வந்தால் இந்த எண், சவ ஊர்வலம் வந்தால் இந்த எண் என்று படத்தோடு சொல்லும் புத்தகங்கள் இங்கே உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே பொருள் சொல்லும் இப்படிப்பட்ட அகராதி முறையை ஃபிராய்ட் தம் கனவு நூலிலேயே ஏற்கவில்லை. பாட்டி என்றதும் உங்களுக்கு என்னவெல்லாம் தோன்றுகிறது என்றுதான் அவர் கேட்டிருப்பார். அதில் நம்பர் கிடைக்காது.

எந்த நம்பர் என்ற கேள்விக்கு, மனிதர் எப்படி நினைத்து முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் அறிதல் உளவியல்தான் கைகொடுக்கிறது. ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1970களில் மனிதர் நிகழ்தகவைக் கணக்குப் போடாமல் குறுக்குவழிகளில் மதிப்பிடுவதைக் காட்டினார்கள். 1111ஐவிட 4872 வரக்கூடியது போலத் தோன்றுகிறது. இரண்டுக்கும் வாய்ப்பு ஒன்றே. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மூன்று இலக்கக் குலுக்கலை ஆராய்ந்தபோது, பரிசு பெற்ற எண்ணின் மேல் மக்கள் கட்டும் பணம் உடனே சரிந்து, பல மாதங்கள் கழித்தே மீண்டது தெரிந்தது. எண்ணுக்கு ஞாபகம் இருப்பதுபோல் நடந்துகொள்கிறோம்.

1975இல் உளவியலாளர் எலன் லேங்கர் ஒரு டாலர் லாட்டரிச் சீட்டுகளை விற்கவைத்தார். சிலர் தாமே பொறுக்கினார்கள், மற்றவர்களுக்குக் கையில் கொடுக்கப்பட்டது. பிறகு அந்தச் சீட்டை விலைக்குத் தருவீர்களா என்று கேட்டபோது, கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 1.96 டாலருக்குச் சம்மதித்தார்கள்; பொறுக்கியவர்கள் 8.67 டாலர் கேட்டார்கள். ‘என் நம்பர்’ என்ற உரிமைதான் அந்த விலை வித்தியாசம். 2009இல் லூக் கிளார்க் குழுவினர் மூளைப் படம் எடுத்தபோது, மயிரிழையில் தவறிய தோல்வியும் வெற்றிக்குக் கிளர்ச்சியடையும் பகுதிகளைத் தூண்டியது. அந்தத் தோல்வி கசந்தது. ஆனால் தாமே தேர்ந்து ஆடியவர்களுக்கு மறுபடி ஆடும் ஆசையைக் கூட்டியது. 4872 எடுத்தவருக்கு 4873 விழுந்த இரவு இதுதான் நடக்கிறது. “ஒரே ஒரு எண்ணில் போய்விட்டது அண்ணே” என்பவர் அடுத்த குலுக்கலுக்கு முதல் ஆளாக நிற்பார்.

மனிதரின் தேவைகளையும் உறவுகளையும் முன்வைத்த மாஸ்லோ, ரோஜர்ஸ் போன்ற மனிதநேய உளவியலாளர்கள் இதற்குள் நுழைந்தால் வேறொன்றைக் கேட்பார்கள்: அந்த ஆளுக்கு வீட்டில் பேச்சுத்துணை இருக்கிறதா? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பலருக்குக் கடை வாசல் அரட்டைதான் அன்றைய வெளியுலகம்.

பழக்கம் முற்றிச் சூதாட்டக் கோளாறாகும்போது எந்தச் சிந்தனைப் பள்ளி சரி என்ற சண்டை எடுபடாது. 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு அதைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்தது. சிகிச்சையில் நடத்தையியலிலிருந்து ஒரு பாதி வருகிறது: சம்பள நாளில் கடைத்தெருவைத் தவிர்ப்பது, வங்கி அட்டையை மனைவியிடம் கொடுத்துவைப்பது. மறு பாதி, ஆரன் பெக் 1960களில் வளர்த்த அறிதல் சிகிச்சையின் வழி: எந்த நாள், எவ்வளவு கட்டினார், அப்போது மனதில் ஓடியது என்ன என்று நோட்டில் எழுதிவந்து, “இந்த நம்பர் வர வேண்டிய நேரம்” என்ற நினைப்பை ஆலோசகரோடு உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்ப்பது.