அரைத் தானியங்கி: எதில் அரை?

அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால், நம் செய்திகளில் பல நேரம் 'தானியங்கி துப்பாக்கியால் சுட்டார்' என்று வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது தானியங்கி இல்லை, செமி ஆட்டோமேட்டிக், அதாவது அரைத் தானியங்கி. ஒரு 'அரை'யை விட்டதால் என்ன குடிமுழுகிப் போய்விட்டது என்று கேட்கலாம். அந்த நாட்டு நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்காக இழுபடும் வழக்கே அந்த அரையைப் பற்றியதுதான்.

'செமி' லத்தீன் சொல். பாதி என்று பொருள். 'ஆட்டோமேட்டிக்' கிரேக்கத்தின் 'ஆட்டோமடோஸ்' என்பதிலிருந்து வந்தது: தன் நினைப்பில் தானே நடப்பது. அதன் பின்பாதியில் ஒளிந்திருப்பது எண்ணுதலைக் குறிக்கும் வேர். வடமொழி 'மனஸ்' அதற்கு உறவு. நம் 'தானியங்கி'யில் மனம் இல்லை, இயக்கம் மட்டும்தான். இயந்திரத்துக்கு அது போதும்.

சரி, எதில் பாதி? விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். அந்த வெடிப்பின் ஆற்றலே காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றிவிடும். ஆனால் அது வெடிக்க, விரலை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். முழுத் தானியங்கியில் அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும். ஆக, இங்கே தானாக நடப்பது தோட்டா ஏற்றுவது. சுடுவது விரலின் வேலை. வேகத்தில் பாதி, ஆபத்தில் பாதி என்றெல்லாம் பொருள் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1994இல் ஸ்டேபிள்ஸ் வழக்கில் ஓர் அடிக்குறிப்பில் இப்படித்தான் பிரித்துக் காட்டியது.

பிரிட்டிஷார் இதை 'செல்ஃப் லோடிங்' என்றார்கள். நம் காவலர்கள் தோளில் பார்த்த எஸ்.எல்.ஆர். அந்தப் பெயரின் சுருக்கம்தான். இதுதான் நேர்மையான பெயர் என்பேன். தமிழாக்க முயன்று 'தன்னிரப்பு' என்று சேர்த்தால் பிச்சையெடுப்பதுபோல ஒலிக்கிறது! செய்திக்கு 'அரைத் தானியங்கி' போதும். அது முதல்முறை வரும் இடத்தில் 'தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும்' என்று ஒரு சொற்றொடர் சேர்த்தால் நல்லது. துப்பாக்கியே துருக்கிய, பாரசீக வழியில் வந்த சொல்தான். குறளில் வரும் 'துப்பாக்கி' உணவை ஆக்குவது, சுடுவதில்லை. தனித்தமிழார் 'துமுக்கி' என்றார்கள், பரவலாக நிலைக்கவில்லை.

பெரிய குழப்பம் அடுத்த சொல்லில். 'அசால்ட் ரைபிள்' இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய 'ஸ்டுர்ம்கெவேர்' என்பதன் நேர்பெயர்ப்பு. ராணுவ வழக்கில் தானியங்கியாகவும் மாற்றிச் சுடக்கூடியதுதான் அது. 'அசால்ட் வெப்பன்' வேறு. சட்டம் வகுத்த வகை. 1994 கூட்டாட்சிச் சட்டம் சில மாதிரிகளைப் பெயர் சொல்லித் தடுத்தது. அதோடு, கழற்றி மாட்டும் தோட்டாக் கூடு உள்ள அரைத் தானியங்கி ரைபிளில் கைத்துப்பாக்கிப் பிடி, தோளில் முட்டுக் கொடுக்கும் மடிக்கும் கட்டை போன்ற அம்சங்களில் இரண்டு இருந்தாலும் தடை. அது 2004இல் காலாவதியானது. கலிபோர்னியா, மேரிலாந்து, இல்லினாய் போன்ற மாநிலங்கள் தங்கள் சட்டங்களை வைத்திருக்கின்றன. தமிழில் இரண்டையும் 'தாக்குதல் துப்பாக்கி' என்று ஒரே பையில் போடுகிறோம்.

வழக்கு இங்கே பிறக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2008 ஹெல்லர் தீர்ப்பு, அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் தனிமனிதருக்கு ஆயுத உரிமை தருகிறது என்றது. பரவலாகப் புழங்கும் ஆயுதத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. ராணுவ ரைபிளான எம்-16 போன்றவற்றைத் தடுக்கலாம் என்பதும் அதிலேயே இருந்தது. குடிமக்கள் வாங்கும் ஏ.ஆர்-15 ரைபிள் தோற்றத்தில் எம்-16, ஆனால் தானியங்கி வசதி மட்டும் கிடையாது. அரை எந்தப் பக்கம்? மேரிலாந்துத் தடையை 2024இல் உறுதிசெய்த நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், போர்க்களப் பக்கம் என்றது. தடையை எதிர்ப்பவர்களோ, லட்சக்கணக்கான வீடுகளில் இருப்பது எப்படி அரிய ஆயுதமாகும் என்கிறார்கள். கைத்துப்பாக்கிகளிலும் பெரும்பாலானவை அரைத் தானியங்கிதானே, ரைபிளுக்கு மட்டும் ஏன் வேறு விதி என்று 2011லேயே மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி கவனா. இப்போது அவர் உச்ச நீதிமன்றத்தில். 2025 ஜூன் 2 அன்று மேரிலாந்து வழக்கை அந்த நீதிமன்றம் ஏற்க மறுத்தபோது, நீதிமன்றத்தின் ஓரிரு ஆண்டு அமர்வுகளுக்குள் இந்தக் கேள்வியை எடுத்தாக வேண்டும் என்று எழுதினார்.

எடுக்கும் நாளில் 'தானியங்கி துப்பாக்கித் தடை' என்று தலைப்பு வைத்தால், அது வேறு வழக்காகிவிடும். முழுத் தானியங்கிக்கு 1934 முதல் கடும் கட்டுப்பாடு உண்டு. புதிதாகச் செய்தவற்றைச் சாதாரணக் குடிமக்கள் வாங்கும் வழி 1986லேயே அடைபட்டுவிட்டது.