ஏ.டி.சி.க்கு முன்னால் நிற்கும் ‘டூயல்’

டேட்டாஷீட்டில் ‘ஹைஸ்பீடு டூயல் சேனல் அனலாக் டு டிஜிட்டல் கன்வர்ட்டர்’ என்று ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். ஏறியிறங்கும் மின்னழுத்தத்தை எண்களாக மாற்றித் தரும் சில்லு அது. பட்டறையில் வெறும் ஏ.டி.சி. தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டிஜிட்டலில் சிக்கல் இல்லை. லத்தீனில் ‘டிஜிடஸ்’ என்றால் விரல். விரல்விட்டு எண்ணியதால் இலக்கங்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்கும் பழக்கமான சங்கதிதான். சிங்கப்பூரில் மின்னிலக்கம் என்கிறார்கள், சிலர் எண்மம் என்கிறார்கள். பாடநூல் தந்த ‘இலக்கமுறை’யே எனக்குப் போதும். அனலாக், ‘விகிதத்துக்கு ஏற்ப’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. காய்ச்சல் ஏற ஏறப் பாதரசமும் ஏறுகிறதே, அந்த ஒப்பு. அதனால் ஒப்புமை. கன்வர்ட்டர் மாற்றி, மின்மாற்றி ஏற்கெனவே பழக்கிவிட்ட சொல்.

அதிவேகம் என்றால் எது வேகம்? ஒரு விநாடியில் எத்தனை முறை மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக்குகிறது என்பதுதான். அப்படி எடுக்கும் ஒவ்வோர் அளவும் ஒரு ‘மாதிரி’ (சாம்பிள்). ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. அலையிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டும். சி.டி. பாட்டுக்கு விநாடிக்கு 44,100 போதும். ஏடி9680 போன்ற சில்லு ஒவ்வொரு தடத்திலும் 100 கோடி எடுக்கும். ஒரு மாதிரிக்கு 14 பிட், தடம் இரண்டு. விநாடிக்கு 2,800 கோடி பிட் கொட்டுகிறது.

சேனலுக்கு மூலம் கால்வாய். ‘வாய்க்கால்’ என்று எழுதிப் பார்த்தேன், தண்ணீர்தான் கண்ணில் நிற்கிறது. தடம் பொருந்துகிறது.

என்னை நிறுத்தியது டூயல். பலரும் ‘இரு’ என்று போட்டுக் கடந்துவிடுகிறார்கள். இரண்டு மாடு வேறு, இரட்டை மாட்டு வண்டி வேறு இல்லையா? தனித்தனியாக இரண்டு மாற்றிகளை வாங்கி வைத்தால் அவை இரண்டுதான். டூயல் சில்லில் இரு தடங்களும் ஒரே கடிகாரத் துடிப்புக்கு ஒன்றாக மாதிரி எடுக்கின்றன. 100 மெகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்க 10 நானோவிநாடி. ஒரு தடம் 1 நானோவிநாடி பிந்தினாலே கட்டத்தில், அதாவது அலை தன் சுற்றில் எங்கே நிற்கிறது என்பதில் (ஃபேஸ்), 36 பாகை பிழை.

புனேக்கு வடக்கே உள்ள ஜி.எம்.ஆர்.டி. வானொலித் தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள். ஒவ்வொன்றும் வானிலிருந்து வரும் அலையை அது அதிரும் விதத்தை வைத்து இரண்டு தளவிளைவுகளாக (போலரைசேஷன்) பிரித்து அனுப்புகிறது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் மூல அலையின் தன்மை தெரியும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் அந்த ஒப்பீடே கெட்டது. அதனால் என் ஓட்டு ‘இரட்டைத்தட அதிவேக ஒப்புமை-இலக்க மாற்றி’க்கு. நீளம்தான், ஆங்கிலத்தில் மட்டும் என்ன குட்டையாகவா இருக்கிறது?

அப்புறம் ஒரு விதிவிலக்கு. இரண்டு மாற்றிகளையும் ஒரே அலைக்குக் கொடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக மாதிரி எடுக்கவைத்தால் வேகம் இரட்டிக்கும். ஒரே உரலில் இருவர் மாற்றி மாற்றிக் குத்துவதுபோல. மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப்கள் பலவற்றின் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது இந்த இரட்டித்த வேகம்தான். இரண்டாவது சேனலை ஆன் செய்யுங்கள், அவரவர் உலக்கை அவரவர் உரலுக்குத் திரும்பிவிடும். திரையோரத்தில் விநாடிக்கு 1 ஜிகா (100 கோடி) மாதிரி என்றிருந்தது 500 மெகா (50 கோடி) ஆகிவிடும்.