பிரித்து நட்ட கற்றாழைக்கு அன்றைக்கே தண்ணீர் ஊற்றாதீர்கள்

தை பிறந்தால் எனக்கு இந்த வேலைதான் அதிகம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் வீட்டுத் தோட்டங்களைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். மொட்டை மாடியில் நாலைந்து வருஷமாக யாரும் கை வைக்காத கற்றாழைத் தொட்டிகளைத் தை, மாசி இந்த இரண்டு மாதத்தில்தான் பிரிப்பேன். தொட்டிக்குள் குட்டிகள் மண்டிவிட்டால் பிரித்து நட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரித்த குட்டிகள் ஏன் பத்தே நாளில் அழுகுகின்றன என்பதில்தான் குழப்பம்.

போன மாசியில் காட்பாடி காந்தி நகரில் ஒரு வீடு. பெரிய சிமெண்ட் தொட்டியில் சோற்றுக் கற்றாழை, தாய்ச்செடியே தெரியாத அளவுக்குக் குட்டிகள். அந்த வீட்டம்மா அதற்கு முன்பே இன்னொரு தொட்டியைத் தானே பிரித்து எட்டுக் குட்டிகள் நட்டிருந்தார். ஐந்து போய்விட்டன. "வெயில் தாங்கலை போல, தம்பி. தினம் காலையில தண்ணி ஊத்துறேன், அப்பவும் இப்படி" என்றார். மிச்சமிருந்த மூன்றில் ஒன்றை லேசாக இழுத்தேன். வேர் பிடிக்காமல் அப்படியே கையோடு வந்தது. அடித்தண்டு பழுப்பாகி, விரலால் அழுத்தினால் கூழாகப் பிதுங்கியது. கூடவே அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். "வெயில் இல்லைம்மா, தண்ணிதான்" என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

நம்பாததில் தப்பில்லை. ரோஜா, துளசி, கத்தரி என்று எதை இடம் மாற்றினாலும் உடனே தண்ணீர் ஊற்றித்தான் நமக்குப் பழக்கம். அவற்றின் இலை மெல்லிசு. வேர் அறுந்தால் மதியத்துக்குள் தொங்கிவிடும். கற்றாழை அப்படி இல்லை. தனக்கு வேண்டிய தண்ணீரை இலைக்குள்ளேயே வைத்திருக்கிறது. பிடுங்கி நிழலில் போட்டாலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் குட்டியைப் பிய்த்த இடமும் அறுந்த வேர்களும் பச்சைப் புண். ஈர மண்ணில் இருக்கும் பூஞ்சைக்கு அந்தப் புண்தான் வாசல். புண் காய்ந்து தோல் கட்டிவிட்டால் வாசல் மூடிவிடும், அவ்வளவுதான் விஷயம்.

நானும் இதைப் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஐப்பசி அடைமழையில் ஒரு வாடிக்கையாளரின் பாம்புக் கற்றாழைகளைப் பிரித்து நட்டேன், நர்சரிகளில் ஸ்நேக் பிளான்ட் என்பார்களே, அதை. நாலு நாள் மழை விடவில்லை. செடிக்கான காசு என் கையிலிருந்து போனது. அதிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் கத்தியைத் தொடுவதில்லை. கத்திரி வெயிலிலும் வேண்டாம். நம் ஊரில் 40 டிகிரிக்கு மேல் அடிக்கும்போது மாடித் தளத்தில் நிற்கும் தொட்டியின் உள்சுவரே சுடும், புது வேர் வெந்துபோகும்.

சரி, எப்படிப் பிரிப்பது? நாலைந்து நாள் முன்னதாகவே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். தொட்டியைச் சாய்த்து, சுற்றிலும் தட்டி, மொத்தமாக வெளியே இழுங்கள். இலையைப் பிடித்து இழுத்தால் இலைதான் வரும். மண்ணை உதிர்த்ததும் எந்தக் குட்டி தாயோடு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியும். சொந்தமாக வேர் விட்ட, உள்ளங்கை அளவாவது வளர்ந்த குட்டியை மட்டும் எடுங்கள். பிய்த்தால் வராததைக் கத்தியால் வெட்டலாம், ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் சிலருக்கு அரிப்பைத் தரும்.

அப்புறம் குட்டிகளைச் செய்தித்தாளில் பரப்பி, நிழலில் மூன்று நாள் விடுங்கள். வெட்டுவாயில் மஞ்சள் தூள் தடவலாமா என்று கேட்பார்கள். தடவினால் கெடுதல் இல்லை. தடவிய கையோடு நட்டுத் தண்ணீர் ஊற்றினால் பயனும் இல்லை. நடும் மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். நான் செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் துண்டு அரைப் பங்கு, மண்புழு உரம் ஒரு கைப்பிடி போடுகிறேன். கோகோபீட்டை, அதாவது தேங்காய் நார்த் தூளை, மட்டும் நிரப்பி விற்கும் தொட்டிகளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இந்தச் செடிகளுக்கு அது ஈரத் துணியைச் சுற்றிவைத்த மாதிரி. தொட்டியும் செடியை விட ஓரிரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். நட்டு ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். இரண்டு வாரம் பச்சை நிழல் வலைக்குக் கீழே வைத்திருந்து, பிறகு காலை வெயிலுக்கு மட்டும் பழக்குங்கள். அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். வேர் அழுகுவது ஒரு பக்கம், தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசுவும் முட்டையிடும்.

பாம்புக் கற்றாழையில் ஒரு நுணுக்கம். மஞ்சள் கரை போட்ட வகையை இலைத் துண்டிலிருந்து வளர்த்தால் பிறக்கும் குட்டிக்குக் கரை இருக்காது, வெறும் பச்சையாகத்தான் வரும். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரிப்பதுதான் வழி. நாய், பூனை இந்தச் செடியைக் கடித்தால் வாந்தி எடுக்கும், எட்டாத இடத்தில் வையுங்கள்.

திருகுகள்ளி, சதுரக்கள்ளி வைத்திருப்பவர்கள் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவே கூடாது. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். நடுவில் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

காந்தி நகர் தொட்டியிலிருந்து இருபத்தி மூன்று குட்டிகள் தேறின. ஆறாம் நாள் அந்த அம்மா போன் செய்தார். "தம்பி, மண்ணு காஞ்சு கிடக்கு, பார்க்கவே பாவமா இருக்கு. ஒரு சொம்பு மட்டும் ஊத்தட்டுமா?"

"நாளைக்கு ஊத்துங்கம்மா."